பஸ்ரியன் வெப்பம் காத்த படலம்

வாழி பஸ்ரியன்! பிக்கரிங் நன்னகர் நீங்கி, நானூற்றொன்றாம் நெடுஞ்சாலையென்னும் உப்புத்தூவிய பேராற்றைக் கடந்து, பதர்ஸ்ற் வீதியின் வடபாலமைந்த யூதர் தொழுகைக்கூடத்தைக் காக்கவென வாரந்தோறும் எழுந்தருளும் தளரா நடையினன். துடைப்பமே வேலாய், வாளியே கேடயமாய், இடுப்பில் திறப்புக்கோர்வை வீரக்கழலென ஒலிக்க உலவும் உரத்தினன். யாழ்ப்பாணத் தீவகத்துக் கத்தோலிக்கக் குடியிற் பிறந்தும், ஆபிரகாமின் மக்களுடைய ஓய்வுநாளை அவர்களிற் பலரைவிடப் பதற்றத்தோடு காத்துவரும் பண்பினன். அவனைப் பாடச் சொல் தரவேண்டுமென்று வெண்துகில் போர்த்த தை மாதத்துப் பனித்தாயின் அடி தொழுது, அவள் ரொறன்ரோவை விட்டு எப்போது புறப்படுவாள் என்பதையும் பணிவோடு விசாரித்து, இக்கதையைத் தொடங்குகின்றோம். கட்டடத்தைத் துப்புரவாக்கிப் பராமரிப்பது அவனுடைய வேலை.

அறியாதார் அறியும்பொருட்டு அவ்வவையின் அறத்தை முதலில் உரைத்துவிடுவோம். வெள்ளி மாலை கதிரவன் சாய்ந்த கணந்தொட்டுச் சனி இரவு விண்மீன் தோன்றும்வரை அப்பெருமக்கள் விளக்கேற்றார், அணையார், சுவிற்சைத் தொடார், சூட்டைக் கூட்டுவதும் குறைப்பதுமான அந்தத் தெர்மோஸ்ராற் என்னும் சிறுபெட்டியைக் கடைக்கண்ணாலும் தீண்டார். தாம் செய்யலாகாததை வேற்றினத்தான் ஒருவனிடம் சொல்லிச் செய்விப்பதும் அக்கூடத்தில் வழுவாகும். ஆயினும், உலகத்தின் நிலை இன்னதென்று ஒருவர் காற்றைப் பார்த்துச் சொல்வாராயின் அதில் வழுவேது? “இங்கே இருளாயிருக்கிறது” என்று ஒரு பெரியவர் கூரையை நோக்கி மொழிவார். கேட்டும் கேளாதவன்போல் பஸ்ரியன் அவ்வழி போவான். ஏவியவர் ஏவவில்லை, ஏவப்பட்டவன் ஏவப்படவில்லை; லைற் மட்டும் எரியும்.

இந்த நுண்கலையில் அவனை வெல்ல அந்த வீதியில் ஆளில்லை. இதை அவன் எங்கே பயின்றான் என வியப்போர் அவன் மனைவி செலீனை அறியாதோர். அவ்வம்மையார் மணமான நாள் முதலாக எதையும் செய்யென்று கணவனைக் கேட்டவரல்லர். “குப்பை மணக்குது” என்பார். குப்பை வெளியே போகும். “முன்வீட்டுக்காரர் சினோ வழிச்சுப்போட்டினம்” என்று யன்னலைப் பார்த்துச் சொல்வார். பஸ்ரியன் பனியள்ளச் சப்பாத்தைத் தேடுவான். இத்தகைய பள்ளியிற் கற்றுத் தேறியவனுக்குத் தொழுகைக்கூடத்தார் வைத்த பரீட்சை எம்மாத்திரம்? “நாங்கள் வாய் திறக்குமுன் விளங்கிக்கொள்கிறவன் எங்கள் பஸ்ரியன்” என்று ஒரு திருநாளில் அவர்தம் குருவாகிய றபி எல்லார்க்கும் முன்னால் புகழ்ந்த நாள்முதல், நம் நாயகனின் நெஞ்சு ஒரு சுற்றுப் பெருத்துவிட்டது. தான் ஒரு குறிப்பையும் தவறவிட்டதில்லை என்பதே அவன் பெருமை, அதுவே பின்னர் அவனுக்கு வினையாயும் வந்தது.

இனி அவ்வவையின் இருபெரு மறவரைக் காண்மின்! ஒருவர் பிங்கஸ்: பருத்த மேனியர், வியர்வை அருவி இழியும் நெற்றியர், பெருமூச்சாற் பிரார்த்தனைப் புத்தகத்தின் ஏடுகளைத் தாமே புரளச் செய்ய வல்லவர், வெக்கைக்குப் பகைவர். மற்றவர் குறொஸ்மன்: மெலிந்த தோளர், ஸ்வெற்றரின்மேல் ஸ்வெற்றர் அணிந்து அதன்மேல் தொழுகைச் சால்வை போர்த்த மும்மடிக் கவசத்தர், குளிருக்குப் பகைவர். விதியின் குறும்பைப் பாருங்கள்! வெக்கைக்குப் பகைவராகிய பிங்கஸ் அமர்வது அனற்காற்று சீறிவரும் சுவர்த்துவாரத்தின் அருகே. குளிருக்குப் பகைவராகிய குறொஸ்மன் அமர்வதோ, எத்தனை பஞ்சு அடைத்தாலும் காற்று நுழையும் பக்கக்கதவின் ஓரத்தே. இருவரும் இடம் மாறி அமர்ந்தால் பகை அன்றே தீரும். அது அவ்விருவர்க்கும் தெரியும், றபிக்குத் தெரியும், அடுக்களையில் மீன் வெட்டும் பெண்களுக்குந் தெரியும். ஆனால் தன் தகப்பன் இருந்த இருக்கையிலிருந்து பிங்கஸ் எழும்பமாட்டார். குறொஸ்மனோ ஏனென்று சொல்லாமலே எழும்பமாட்டார். ஆகவே இருவரும் பொருதுவது தெர்மோஸ்ராற்றின்மீது. கிழமை நாட்களில் இருவரும் மாறிமாறி அதைத் திருகியதால் அதற்கு ஒரு கண்ணாடிப் பெட்டி போட்டுப் பூட்டி, திறப்பைப் பஸ்ரியனிடம் கொடுத்திருந்தார்கள்.

அன்று சனிக்கிழமை. முந்தைய இரவெல்லாம் பனித்தாய் தன் மூட்டையை அவிழ்த்துக் கொட்டியிருந்தாள். ஓய்வுநாளில் வாகனமேறாது கால்நடையாகவே வரவேண்டிய குடிமக்களிற் பலர் முழங்காலளவு வெண்கடலைக் கண்டு கட்டிலுக்கே திரும்பிவிட்டனர். அந்தக் கூடத்தின் வழக்கப்படி ஆண்மக்கள் பதின்மர் கூடினாலன்றிச் சில செபங்கள் சொல்லப்படா. ஆட்களை இலக்கமிட்டு எண்ணுவதும் ஆகாதென்பதால் றபி “ஒன்றில்லை, இரண்டில்லை” என்று சொல்லிச் சொல்லிச் சுட்டுவிரலை நகர்த்திக்கொண்டுபோய், “பத்தில்லை” என்று முடித்து முகம் மலர்ந்தார். பத்தில்லையென்றால் பத்துப்பேரும் இருக்கிறார்களென்று பொருள். மேலதிகமாக ஒருவருமில்லை.

பாட்டெழுந்தது, கூடவே போரும் எழுந்தது. முதற்கணை குறொஸ்மனுடையது. அவர் தன் விரல்களை ஊதியபடி விதானத்தை நோக்கி முழங்கினார்: “சவச்சாலைகூட இதைவிடக் கதகதப்பென்று கேள்விப்பட்டிருக்கிறேன்!” பஸ்ரியன் ஓடினான், பெட்டியைத் திறந்தான், ஒரு பாகை ஏற்றினான். நிலவறையிலே இயந்திரம் உறுமிற்று. அனல் பிங்கஸின் பிடரியைத் தாக்கியதும் அவர் எழுந்துநின்று இடிக்குரலெடுத்தார்: “எங்கள் முன்னோர் பாலைவனத்தில் நாற்பது ஆண்டு நடந்தார்கள், அங்கேயும் இத்தகைய வெக்கை இருந்ததாக எழுதப்படவில்லை!” பஸ்ரியன் ஓடினான், இறக்கினான். “யன்னலில் பனிப்பூக்கள்! உட்புறத்திலே!” என்றார் குறொஸ்மன். ஏற்றினான். “என் சால்வை ஆவியாகிறது!” என்றார் பிங்கஸ். இறக்கினான். இவ்வாறு ஏற்றியும் இறக்கியும், கூடத்துக்கும் நடைவழிக்கும் இடையே தறிநாடாவென ஓடி, பெட்டியைப் பூட்டுவதும் திறப்பதுமாய் நம் நாயகன் பட்ட பாட்டை எங்ஙனம் விரிப்போம்! அவனுக்கே முதுகில் வியர்த்து, பாதம் குளிர்ந்து, இரு பகைவர் நிலையும் ஓருடலில் வாய்த்தன.

இடைவேளையொன்றில் குறொஸ்மன் நடைவழிக்கு வந்தார். வழக்கம்போல் கூரையைப் பார்க்கவில்லை. பஸ்ரியனின் முகத்தைப் பார்த்தார். தாழ்ந்த குரலிலே, “இன்றைக்கு ஹன்னாவின் நாள், பஸ்ரியன். போன வருடம் இதேநாள். அவளுடைய கைகள் எந்தக் குளிரிலும் சூடாக இருக்கும்” என்றார். பிறகு உள்ளே போய்விட்டார்.

அந்தோ! குறிப்பறிவோர் கோமான் தன் வாழ்நாளின் பெருந்தவறை இழைத்தது இங்கேதான். ‘சூடு’ என்ற ஒரு சொல் அவன் செவியிற் புகுந்ததும் மற்றச் சொற்களெல்லாம் வாசலிலேயே நின்றுவிட்டன. ‘ஆகா, இது சாதாரணக் குறிப்பன்று, மனைவியின் ஆண்டு நினைவுநாளில், கண்ணோடு கண் பார்த்துச் சொல்லப்பட்ட குறிப்பு. ஒரு பாகை போதாது’ என்று துணிந்தான். கண்ணாடிப் பெட்டியைத் திறந்தான். விரலை அம்புக்குறியில் வைத்து, இலக்கம் ஏறமறுத்து நிற்கும்வரை அழுத்தினான். பிறகு பெட்டியைப் பூட்டி, கடமை முடித்த நிறைவோடு அடுக்களைக்குப் போய்க் கோப்பைகள் அடுக்கினான்.

நிலவறைப் பூதம் விழித்தது. சுவர்த்துவாரங்கள் யாவும் ஒருங்கே கர்ச்சித்தன. கண்ணாடிகள் மங்கின, பெண்கள் பகுதியிலிருந்து புத்தகங்கள் விசிறிகளாகப் படபடக்கும் ஓசை கேட்டது, றபியின் தாடி நுனியில் ஒரு துளி தோன்றி, தொங்கி, திருமறை ஏட்டிற்குத் தப்பி நிலத்தில் வீழ்ந்தது. பிங்கஸோ செந்தீயிற் பழுத்த இரும்பின் நிறங்கொண்டார். எழுந்தார். சால்வையை ஒரு வீச்சு வீசித் தோளிற் போட்டார். அவையெங்கும் கேட்க ஆணையிட்டார்: “கேளுங்கள் சபையோரே! இந்தச் சூளை ஆறும்வரை இந்த வாசற்படியை என் கால் உள்நோக்கி மிதியாது!” பக்கக்கதவைத் தள்ளித் திறந்து பனிக்குள் மறைந்தார். கதவு தன் சுருள்கம்பியின் வலிமையால் அவருக்குப் பின்னே அறைந்து சாத்திக்கொண்டது.

குறொஸ்மன் கையிலிருந்த புத்தகத்தின் கடைசிப் பக்கங்களில் ஒன்றை விரலால் மறித்துப் பிடித்திருந்தார். அது காடிஷ் என்ற செபம். இறந்தோரை எண்ணி எழுந்துநின்று சொல்வது. அதைத் தனியே சொல்ல வழக்கமில்லை. பதின்மர் கூடி ‘ஆமேன்’ என்று சொல்லவேண்டும். அதற்காகவே அந்த முதியவர் பனியில் இருமுறை வழுக்கி விழுந்தும் எழுந்து வந்திருந்தார். றபி மீண்டும் விரலை நீட்டினார். “ஒன்றில்லை, இரண்டில்லை” என்று தொடங்கி “ஒன்பதில்லை” என்றதும் விரல் நின்றது. அது அடுக்களை வாசலில் நின்ற பஸ்ரியன்மேல் வந்தது. தங்கியது. மெல்லத் தாண்டிப் போனது. தன் ஞானஸ்நானத்தின்மீது வாழ்நாளில் முதன்முறையாகப் பஸ்ரியனுக்குச் சிறு மனத்தாங்கல் உண்டாயிற்று.

ஓடினான் நாயகன்! தெர்மோஸ்ராற்றை இறக்கினான், ஆயினும் அப்பெருங்கூடம் அடுப்பிலிருந்து இறக்கிய பானையைப் போல, இறக்கியவுடன் ஆறுவதாயில்லை. நிலவறைக்குப் பாய்ந்து, ஓய்வுநாளிற் கைத்தொலைபேசி எவர் கண்ணிலும் படலாகாதென்று இயந்திரத்தின் பின்னே ஒளிந்து, குறிப்புக்கலையின் மூலகுருவை அழைத்தான். நடந்ததைச் சொன்னான்.

“அவர் உங்களிட்டைச் சூடு கேட்டவரோ?” என்றார் செலீன்.

“கேக்கேல்லை. ஆனா சொன்னவர், மனுசியின்ர கை சூடு எண்டு. அப்ப அதுக்கு என்ன அர்த்தம்?”

“மனுசியின்ர கை சூடு எண்டதுதான் அர்த்தம். வேற என்ன? அந்த மனுசன் தன்ர கவலையைச் சொல்லியிருக்கிறார். நீங்கள் போய் ஹீற்றரைக் கூட்டிப்போட்டு நிக்கிறியள்.”

ஒரு மனிதர் தன் துக்கத்தைச் சொல்ல இந்தக் கட்டடம் முழுவதிலும் தன்னைத் தேடிவந்ததைப் பஸ்ரியன் நினைத்தான். அதற்குத் தான் கொடுத்த பதிலையும் நினைத்தான். வெட்கமாயிருந்தது.

“இப்ப நான் என்ன செய்யிறது, நீர் சொல்லும்.”

“வெளியில நிக்கிறவரிட்டைப் போங்கோ. சாடைமாடையா ஒண்டும் கதையாதேங்கோ. வாயைத் திறந்து நேர சொல்லுங்கோ. மனுசர் நேர கதைச்சா என்ன குறைஞ்சு போகும்?”

இங்ஙனம் அருளினார், வாழ்நாளில் ஒன்றையும் நேரே சொல்லாத அந்த அம்மையார்.

கோட்டணிய மறந்து, தலைக்காப்பு மறந்து, மெல்லிய சட்டையுடன் பக்கக்கதவைப் பிளந்துகொண்டு பனிவெளியிற் பாய்ந்தான் பஸ்ரியன். ஆங்கே படிக்கட்டில், சால்வை காற்றில் பறக்க, சட்டைக் கழுத்தைத் திறந்துவிட்டு, முகமெங்கும் பனித்தூவல் விழ, பேரின்பத்தில் திளைத்து நின்றார் பிங்கஸ். வீடு நோக்கி ஓரடி எடுத்துவைத்திருந்தார். நம் நாயகன் வானத்தைப் பார்க்கவில்லை, மரத்தைப் பார்க்கவில்லை, தன் ஓட்டை ஆங்கிலத்தில் அவரிடமே சொன்னான்: “மிஸ்டர் பிங்கஸ், சூட்டைக் கூட்டினது நான். பிழை என்னுடையது. இன்றைக்கு ஹன்னாவின் நாள். நீங்கள் போனால் மிஸ்டர் குறொஸ்மனால் செபம் சொல்லமுடியாது. தயவுசெய்து போகவேண்டாம்.”

பிங்கஸின் முகத்து இன்பம் வடிந்தது. “ஹன்னாவா? இன்றைக்கா?” என்றார். பனியில் சற்றுநேரம் காலால் கோடு கிழித்தார். “அவள் எனக்கு எப்போதும் ஒரு ஐஸ்தண்ணீர்க் குவளை எடுத்துவைப்பாள். கேளாமலே.” பிறகு நிமிர்ந்தார், மறவர்க்குரிய இடர் அவரை மறித்தது. “ஆனால் நான் சபைமுன் சொல்லிவிட்டேனே, படியை மிதிக்கமாட்டேனென்று!”

வீரர் சொல் பிறழ்வதோ! சபதமோ கல்லிற் பொறித்தாயிற்று. கூடமோ இன்னும் கொதிக்கின்றது. உள்ளே செபம் கடைசிப் பக்கத்தை நெருங்குகின்றது. அப்போது பிங்கஸின் வியர்வை உலர்ந்த நெற்றியின் பின்னே, பால்யத்திற் பயின்ற சட்டநூலின் ஏடொன்று புரண்டது. பஸ்ரியன் கதவை இழுத்துத் திறக்க, அவர் உள்நோக்கி முழங்கினார்: “றபி! வெளியே நிற்பவன் தன் முகத்தை உள்ளே காட்டிக்கொண்டு நின்றால் அவன் கணக்கிற் சேர்த்தியா, இல்லையா?” றபி தாடியைப் பற்றினார், கண்ணை மூடினார், திறந்தார். “முகம் தெரிந்தால் சேர்த்தி!” என்று தீர்ப்புரைத்தார். “கதவு திறந்திருக்கவேண்டும்!”

கதவோ, நாம் முன்னர்க் கூறிய சுருள்கம்பிக் கதவு. விட்டால் அறையும் வெஞ்சினத்தது. அதைத் தடுக்கக் கட்டையில்லை, கல்லுமில்லை. பஸ்ரியன் தன் முதுகைக் கொடுத்தான். ஒரு பாதம் அனலிலும் மறுபாதம் பனியிலுமாக, சட்டைக் கைகள் கொடிபோல் ஆட, பற்கள் பறையென முழங்க, அப்பெருங்கதவைத் தாங்கி நின்றான். அவன் தோளுக்கு அப்பால் படியின் கீழே, முற்றுமுழுதாய்ப் பனியில் நின்றவாறு, பிங்கஸ் தன் பருத்த முகத்தை மட்டும் உள்ளே நீட்டினார். “பத்தில்லை” என்றார் றபி.

வடகாற்று வாசலால் நுழைந்தது. அது முதலில் தொட்டது, கதவோரத்தில் எழுந்துநின்ற குறொஸ்மனை. ஆண்டாண்டாகப் பனிக்கெதிராய் முழங்கிய அந்தக் கிழவர், சால்வை நுனி காற்றில் படபடக்க, காடிஷைத் தொடங்கினார். அவர் குரல் முதலில் நடுங்கி, பிறகு நிலைகொண்டது. பஸ்ரியன் அவர் பார்வை போன வழியே பார்த்தான். பெண்கள் பகுதியின் மறைப்பில் ஓரிடத்தில் துணி விலகியிருந்தது. அவ்வழியே ஒரு வெறும் நாற்காலி தெரிந்தது. குறொஸ்மனின் இருக்கையோரத்திலிருந்து பார்த்தால் மட்டுமே அது தெரியும். ஏன் அவர் அந்தக் குளிர் மூலையைவிட்டு எழும்பமாட்டார் என்பது பஸ்ரியனுக்கு அன்றுதான் விளங்கியது.

“ஆமேன்!” என்றார்கள் உள்ளிருந்தோர். “ஆமேன்!” என்றார் பனிக்குள் இருந்த முகம். கதவைத் தாங்கிய நாயகனின் வாயும் தன்னையறியாமல் “ஆமென்” என்றது. அன்றைய பாட்டு முழுவதிலும் அந்த ஒரு சொல்தான் அவனுக்கு முன்பே தெரிந்தது. செபம் முடியும்வரை குளிரைப்பற்றி எவரும் ஒரு வார்த்தை பேசவில்லை.

வடகாற்றால் சூளை ஆறிவிட, பிங்கஸும் சபதம் நிறைவேறி உள்ளே வந்தார். அதன்பின் வந்தது விருந்து. கீழ்மண்டபத்தில், முதல்நாளே அடுப்பேற்றிய இறைச்சிக் கஞ்சி மணக்க, உப்புமீன் தட்டுகள் அணிவகுக்க, குகெல் என்னும் உருளைக்கிழங்குப் பலகாரம் பொன்னிறப் பாளங்களாய்க் குவிய, மறவர் யாவரும் களைப்பாறினர். ஓரம் முறுகிய மூலைத்துண்டே குகெலிற் சிறந்ததென்பது அங்கு எவர்க்கும் தெரியும். குறொஸ்மன் அந்தத் துண்டை ஒரு தட்டில் வைத்து, கூட்டத்தை விலக்கி வந்து, கை விறைத்து நின்ற பஸ்ரியனிடம் நீட்டினார். ஒன்றும் சொல்லவில்லை. இது எதற்கான குறிப்பென்று நம் நாயகன் ஆராயவுமில்லை, நின்றபடியே தின்றான். மண்டபத்தின் ஒரு கோடியிலிருந்து “இங்கே வெந்து சாகலாம் போலிருக்கிறது!” என்ற முழக்கம் கேட்டது. “நேற்று இறந்தவன்கூட இங்கே கெடாமல் இருப்பான்!” என்றது மறுகோடி. பஸ்ரியன் திறப்பைத் தடவிப்பார்த்துவிட்டு, குகெலை முடித்தபின் போகலாமென்று முடிவுசெய்தான்.

விண்மீன்கள் தோன்றின. ஓய்வுநாள் விடைபெற்றது. உப்பாற்றை மீண்டும் நீந்திக் கடந்து, வெற்றித்திருமகன் பிக்கரிங் நகர் புகுந்தான். தும்மலே முரசாக, ஒழுகும் மூக்கே வாகைமாலையாக, மனையின் வாயிலைத் திறந்தான். இனிக் கதிரைக்கும் கம்பளிக்கும் தன்னை ஒப்புக்கொடுத்து, அன்றைய போர்ச்சரிதத்தை முதலிலிருந்து கடைசிவரை விரித்துரைக்கவேண்டுமென அவன் நெஞ்சம் விம்மிற்று. சப்பாத்தின் ஒரு நாடாவை அவிழ்த்தான். செலீன் அடுக்களையில் குளிர்ப்பெட்டியைத் திறந்துவைத்துக்கொண்டு, அதற்குள்ளே பார்த்தபடி மொழிந்தருளினார்:

“பால் முடிஞ்சுபோச்சு.”

இது ஒரு குறிப்போ, அன்றி வெறும் துயரோ என்று, அன்று கற்ற பாடத்தை மறவாத நாயகன் ஒரு கணம் ஆழ்ந்து சிந்தித்தான். நேரே கேட்டுவிடலாமா என்றும் எண்ணினான். செலீன் குளிர்ப்பெட்டியைச் சாத்திவிட்டு, மேசையிற் கிடந்த கார்த் திறப்பைப் பார்த்தார்.

பஸ்ரியன் அவிழ்த்த நாடாவைத் திரும்பக் கட்டிக்கொண்டு பால் வாங்கப் போனான்.